அப்பாவுக்கு டயலிசிஸ நிப்பாட்டின பிறகு வந்த 11 நாள்

எங்க கத்தோலிக்க கோயில் பங்குல இப்ப யார் வீட்டுலயாவது கடுமையா சுகமில்லன்னா என்கிட்ட வந்து கேக்குறாங்க, டீச்சர் மெஷின நிப்பாட்டினா பாவமா, டீச்சர் மூக்குல டியூப் போடாட்டி பட்டினி போட்டு கொன்ன மாதிரி ஆயிருமான்னு. நான் டொக்டர் இல்ல, வேதசாஸ்திரம் படிச்ச ஆளும் இல்ல, தோட்டத்து ஸ்கூல்ல ரெண்டாம் வகுப்பு பிள்ளைங்களுக்கு படிச்சுக் குடுக்குறவ. ஆனா அம்மாவ ஒரு விதமாவும் அப்பாவ இன்னொரு விதமாவும் அனுப்பி வச்சிருக்கோம், அம்மா விசயத்துல எது தெரியாம தடுமாறினோம், அப்பா விசயத்துல எத கேட்டு தெரிஞ்சுகிட்டு செஞ்சோம்னு எழுதி வச்சா நாலு பேருக்கு உதவும்னு தோணுது. அதுலயும் இலங்கையில எங்க மலைப் பக்கம் தேயிலத் தோட்டத்து லயத்துல இருக்குற குடும்பங்களுக்கு.

அம்மாவுக்கு 2012ல பாரிசவாதம் வந்திச்சி. மலையில கொழுந்து எடுத்துகிட்டு இருந்தவங்க இல்ல, அப்ப பென்சன் எடுத்து வீட்டுல இருந்தாங்க, காலையில அடுப்புக்கு பக்கத்துல சாஞ்சிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம், வார்ட்டுல ஒரு கிழமை மூக்குல டியூப், அத புடுங்குறாங்கன்னு பேண்டேஜ் துணியால கைய கட்டில் கம்பியோட கட்டி வச்சிருந்தாங்க, பிறகு நிமோனியா புடிச்சி ஐசியு, வெண்டிலேட்டர். எங்கள கூப்பிட்டு என்னமோ சொன்னாங்க சிங்களத்துல, எங்களுக்கு பாதிதான் விளங்கிச்சி, அண்ணன் "செய்ய ஏலுமான எல்லாத்தையும் செய்ங்க டொக்டர்"னு சொன்னாரு, நாங்களும் தலையாட்டினோம். பாதர கூட்டிட்டு வரவான்னு நான் கேட்டேன், எங்க பெரியம்மா "பாதர் வந்து நின்னா அவளுக்கு பயம் வந்துரும், இப்ப வேணாம்"னு தடுத்துட்டாங்க. மொத்தம் 19 நாள். 19ஆவது நாள் விடியக்காலம் மூணு மணிக்கு அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனியா செத்துப் போனாங்க, நாங்க வெளிய பெஞ்சில தூங்கிகிட்டு இருந்தோம். பாதர் எண்ணெய் பூசி செபிக்கிற நோயில் பூசுதல் இல்லாம போச்சு. கையில அந்த துணி கட்டின தடம் இருந்திச்சி, அத நான் குளிப்பாட்டும்போதுதான் பாத்தேன்.

அப்பாவுக்கு வேற மாதிரி. ஸ்டோர்ல, அதாவது தேயில பெக்டரியில, 31 வருசம் வேல செஞ்சவரு, சீனி வருத்தம், பிரஷர், கடைசியில 2021 நத்தாருக்கு முந்தி ரெண்டு கிட்னியும் வேல செய்யலன்னு சொல்லி டயலிசிஸ் தொடங்கினாங்க. 74 வயசு. இதயமும் பலவீனம். கிழமைக்கு ரெண்டு தரம், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம் மெஷின்ல. தோட்டத்துல இருந்து மெயின் ரோட்டுக்கு எறங்க ஆறு கிலோமீட்டர், அந்த ரோடு எப்படி இருக்கும்னு எங்க ஆளுங்களுக்கு சொல்லத் தேவயில்ல, பிறகு பஸ்ஸோ வேனோ, ஒரு பக்கம் மட்டும் ரெண்டு மணித்தியாலம். காலையில நாலரைக்கு எழும்பினா ராத்திரி ஏழு எட்டு மணிக்கு வந்து சேருவோம். வர்ற வழியில வாந்தி, வீட்டுக்கு வந்து அடுத்த நாள் முழுக்க படுக்க, அதுக்கடுத்த நாள் கொஞ்சம் எழும்பி இஸ்தோப்புல, வாசல் திண்ணையில, உக்காருவாரு, அதுக்கடுத்த நாள் மறுபடியும் மெஷின்.

தொடக்கத்துல நல்லாத்தான் இருந்திச்சி, அத நான் மறைக்க மாட்டேன். மூச்சு வாங்குறது கொறஞ்சிச்சி, கால் வீக்கம் வத்திச்சி, மொத மூணு மாசத்துக்கு அது அப்பாவுக்கு உயிர குடுத்த மருந்து. மார்ச் ஏப்ரல்லதான் மாற ஆரம்பிச்சிச்சி. மெஷின்ல போட்டு அரை மணியில பிரஷர் எறங்கிரும், மயங்கிருவாரு, நிப்பாட்டி திருப்பி போடுவாங்க. அதோட 2022ன்னா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், டீசலுக்கு கியூ, பெட்ரோலுக்கு கியூ, 2021 டிசம்பர்ல லீட்டர் 177 ரூபாயா இருந்த பெட்ரோல் 2022 ஜூன் கடைசியில 470. வேன்காரரு வர ஏலாதுன்னுட்டாரு. ஒருநாள் பஸ் இல்லாம அப்பாவ மரக்கறி லொறியில முன்னுக்கு உக்கார வச்சி கூட்டிட்டு போனோம்.

அன்னைக்கு ராத்திரி அப்பா சொன்னாரு, "பாப்பா, போதும். இனி அந்த மெஷினுக்கு என்ன கூட்டிட்டு போவாத."

எனக்கு கை கால் நடுங்கிச்சி. அண்ணனுக்கு கோல் எடுத்தேன், அவரு கொழும்புல கடையில நிக்கிறவரு, மாசா மாசம் காசு அனுப்புறவரு. அவரு கேட்டாரு, "அப்பாவ சாகடிக்கப் போறியா தங்கச்சி? இது தற்கொல இல்லையா? நாளைக்கு கோயில்ல பூசை கூட வைக்க மாட்டாங்க." தங்கச்சி குவைத்துல, அவ வாட்ஸ்அப்ல அழுகுறா, வாய்ஸ் மேல வாய்ஸ். செபக்கூட்டத்துல ஒரு அக்கா வேற வந்து மெஷின விடுறது சாவான பாவம்னு சொல்லிட்டு போயிட்டாங்க. யாரும் கெட்ட மனசோட சொல்லல. அப்பாவ நேசிச்சதாலதான் எல்லாரும் அப்படி சொன்னாங்க. ஆனா அன்பு மட்டும் போதல, திருச்சபை உண்மையில என்ன சொல்லுதுன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது.

பாதர பாக்கப் போனேன். அவரு மொதல்ல எனக்கு ஒரு வெளக்கமும் சொல்லல, "நான் அப்பாவ பாக்கணும், தனியா"ன்னாரு. வந்தாரு, எங்கள காம்பராவுக்கு வெளிய அனுப்பிட்டு உக்காந்தாரு. சுவர் பலகைதான், உள்ள பேசுறது கேக்கும். பாதர் கேட்டாரு, "ஐயா, சாகணும்னு இருக்கா, இல்ல அந்த மெஷின்தான் ஏலாம இருக்கா?" அப்பா சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. "சாகணும்னு ஆச இல்ல பாதர். பேரன் மொத நற்கருணை எடுக்குறத பாக்கணும்னுதான் ஆச. ஆனா அந்த மெஷின்ல இருந்து எறங்கி ரெண்டு நாளைக்கு நான் மனுசனாவே இல்ல. மத்த நாள்ல அடுத்த தரத்த நெனச்சி பயந்துகிட்டே கெடக்கேன்." அதுக்குப் பிறகு பாதர் இன்னொன்னும் கேட்டாரு, "பிள்ளைங்களுக்கு பாரமா இருக்கேன்னு நெனச்சி சொல்றீங்களா?" அப்பா கொஞ்ச நேரம் பேசல. பிறகு "அதுவுந்தான்"ன்னாரு.

இந்த இடத்துல பாதர் செஞ்சது எனக்கு பெரிய பாடம். வெளிய வந்து சொன்னாரு, "அந்த ரெண்டாவது காரணத்த மொதல்ல எடுத்துப் போடுங்க. காசும் வாகனமும் இல்லாததாலயும் உங்களுக்கு தொல்லன்னு நெனக்கிறதாலயும் ஒரு மனுசன் மருந்த விட்டா அது அவரோட முடிவு இல்ல, அது நம்ம எல்லாரோட குத்தம். அத சரி பண்ணி பாத்துட்டு பிறகும் அவரு போதும்னா, அப்ப யோசிப்போம்." ஏழைங்களுக்கு உதவி செய்ற வின்சென்ட் டி போல் சபை ஆளுங்கள பிடிச்சி, டவுன்ல ஒருத்தர் வேன் குடுத்தாரு, டீசல பங்கு ஆளுங்க கியூவுல நின்னு எடுத்தாங்க. நாங்க மூணு பேரும் அப்பாகிட்ட பேசினோம், நீங்க பாரம் இல்லன்னு வாயத் தெறந்து சொன்னோம், அது வரைக்கும் அப்படி ஒரு வார்த்தைய நாங்க சொன்னதே இல்ல. இன்னும் மூணு கிழமை போனோம். வழி லேசாச்சு, ஆனா மெஷின்ல படுத்தா பிரஷர் அதே மாதிரி எறங்குது, ஒரு தரம் நெஞ்சு நின்னு போற அளவுக்கு வந்திருச்சி. அப்பா மறுபடியும் அதே வார்த்தைதான், இந்தத் தரம் எங்க முகத்த பாத்து தெளிவா சொன்னாரு.

இனி பாதர் எனக்கு சொன்னத சொல்றேன், பிறகு நானும் தேடி வாசிச்சேன்.

இது புதுசா கண்டுபிடிச்ச சலுகை இல்ல. 1957 நவம்பர்ல 12ஆம் பயஸ் பாப்பரசர் மயக்க மருந்து டொக்டர்மாருக்கு சொன்னதுலயே இருக்கு, உயிரையும் சுகத்தையும் காப்பாத்த சாதாரண வழிகள கைக்கொள்ள நமக்கு கடம இருக்கு, ஆனா எது சாதாரணம்ங்கறது ஆள், இடம், காலம், பண்பாடு இதெல்லாத்தையும் பொறுத்தது, தனக்கோ மத்தவங்களுக்கோ பெரிய பாரத்த குடுக்காத வழிதான் சாதாரண வழின்னு. இத கேட்டப்ப நான் அழுதுட்டேன். இடம்னு சொல்லியிருக்காங்க பாருங்க. ஆஸ்பத்திரிக்கு பக்கத்துல வீடு இருக்குற 45 வயசு ஆளுக்கு டயலிசிஸ் சாதாரணமா இருக்கலாம், இதயம் போன 74 வயசு ஆளுக்கு அதே மெஷின் தாங்க ஏலாத பாரமா இருக்கலாம். மெஷின் பேர வச்சி பாவமா இல்லையான்னு சொல்ல ஏலாது, அந்த மெஷின் அந்த மனுசனுக்கு என்ன நல்லது செய்யுது, என்ன கஷ்டத்த குடுக்குதுன்னுதான் பாக்கணும்.

திருச்சபையோட மறைக்கல்வி நூல்ல 2276ல இருந்து 2279 வரைக்கும் இது இருக்கு, நாலே நாலு சின்னப் பந்தி, தயவு செஞ்சி வாசிங்க. கருணைக்கொல, அதாவது கஷ்டத்த முடிக்கிறதுக்காக ஆள முடிக்கிறது, எந்த நோக்கத்தோட செஞ்சாலும் ஏத்துக்க ஏலாது. ஆனா பாரமான, ஆபத்தான, கெடைக்கிற பலனுக்கு பொருந்தாத சிகிச்சைய நிப்பாட்டலாம், அப்ப நாம சாவ வரவழைக்கல, அத தடுக்க நம்மால ஏலாதுன்னு ஏத்துக்கிறோம். முடிவு நோயாளியோடது, அவருக்கு புத்தி தெளிவு இருந்தா. வழக்கமான பராமரிப்ப மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிப்பாட்டக் கூடாது. வத்திக்கான் 2020ல வெளியிட்ட நல்ல சமாரியன் ஏட்டுலயும் இதே அடித்தளம்தான், சுகமாக்க ஏலாத நோயாளின்னா கவனிக்க ஏலாத நோயாளின்னு அர்த்தம் இல்ல.

அப்பா 1995 ஜனவரியில கொழும்பு கோல்பேஸ் திடலுக்கு லொறியில போனவரு, 2ஆம் ஜோன் போல் பாப்பரசர் வந்து, கோவாவுல இருந்து இலங்கைக்கு வந்து சேவ செஞ்ச குரு ஜோசப் வாஸ் அடிகளாருக்கு முத்திப்பேறு பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தின பட்டம், குடுத்த பூசைக்கு. அந்த பாப்பரசரே 2005ல கடைசி நேரத்துல திரும்ப ஆஸ்பத்திரிக்கு போகாம வத்திக்கான்ல தன்னோட அறையிலயே இருந்து ஏப்ரல் 2ஆம் தேதி எறந்தாருன்னு பாதர் அப்பாகிட்ட சொன்னாரு. அப்பா அத அண்ணனுக்கு ஃபோன்ல சொன்னாரு, "பாப்பரசருக்கு சரின்னா எனக்கும் சரிதான்டா." எங்க எல்லா வெளக்கத்தையும் விட அண்ணன் மனசு அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கொஞ்சம் எளகிச்சி.

அடுத்தது டொக்டர். அம்மா விசயத்துல செஞ்ச பிழைய இந்தத் தரம் செய்யக்கூடாதுன்னு சிங்களம் நல்லா தெரிஞ்ச ஒரு டீச்சர கூட்டிட்டு போனேன். வீட்டுப் பிள்ளைங்கள மொழிபெயர்க்க விடாதீங்க, பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ள வாயால "உங்க தாத்தாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்"னு சொல்ல வைக்கிறது அந்தப் பிள்ளைக்கு செய்ற கொடும. கேள்விய முந்தின நாளே நோட்டுப்புத்தகத்துல எழுதிட்டு போனேன். டயலிசிஸ தொடர்ந்தா அப்பா எப்படி இருப்பாரு, இதே மாதிரியா, கூடுமா, கொறையுமா? நிப்பாட்டினா எவ்வளவு நாள்? என்னென்ன கஷ்டம் வரும், மூச்சா, வலியா, அரிப்பா, ஒவ்வொன்னுக்கும் என்ன மருந்து தருவீங்க? ராத்திரியில வந்தா யாருக்கு கோல் பண்ணணும்? பெரிய டொக்டர் சிங்கள ஆளு, பொறுமையா இருந்து எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு. நிப்பாட்டினா பெரும்பாலும் ஒரு கிழமையில இருந்து ரெண்டு கிழமைக்குள்ளன்னாரு. டயக்னோசிஸ் காட்டுல, அதாவது ஆஸ்பத்திரியில நோய் விவரம் எழுதித் தர்ற அட்டையில, டயலிசிஸ நோயாளியே யோசிச்சி நிப்பாட்டினாரு, இனி வலி தணிக்கிற சிகிச்சைதான்னு எழுதித் தந்தாரு. அந்த காட்ட கேட்டு வாங்குங்க, ராத்திரியில வேற ஆஸ்பத்திரிக்கு ஓடினா அங்க இருக்குறவங்களுக்கு உங்க கதை தெரியாது, கண்டவுடன டியூபுக்கும் மெஷினுக்கும் போயிருவாங்க. எங்களுக்கே வேற ஒரு இடத்துல, பேர் வேணாம், "ஒன்னும் செய்ய இல்ல, வீட்டுக்கு கொண்டு போங்க"ன்னு ஒரு பனடோல் கூட குடுக்காம சொன்ன அனுபவம் இருக்கு. செய்ய ஏலுமானது எப்பவும் இருக்கு, அத கேட்டு வாங்கிட்டுத்தான் வரணும்.

மோர்ஃபின்னு சொன்ன உடன தங்கச்சி கத்தினா, அது குடுத்தா உயிர் போயிரும்னு. அதுக்கும் 1957லயே பதில் இருக்கு, அந்த வருசம் பெப்ரவரியில. வலிய தணிக்கிறதுதான் நோக்கம்னா, வேற வழி இல்லன்னா, அதால ஆயுள் கொஞ்சம் கொறைஞ்சாலும் மருந்து குடுக்கலாம். சாவ விரும்பிக் குடுக்குறதுதான் பாவம். டொக்டர்கிட்டயும் கேட்டேன், சரியான அளவுல குடுத்தா பொதுவா அது ஆள கொல்லாதுன்னாரு. ஆனா கிட்னி போனவங்களுக்கு மோர்ஃபின் உடம்புல தேங்கும், அதனால ரொம்ப கொஞ்சமா, இடைவெளி விட்டு, அவங்க சொன்ன கணக்குப்படி மட்டுந்தான். பக்கத்து வீட்டு ஆளுக்கு குடுத்த அளவ பாத்து நீங்க குடுக்காதீங்க. நேரத்தையும் அளவையும் ஒரு தாள்ல எழுதி சுவத்துல ஒட்டுங்க, ஆள் மாறி மாறி பாக்குறப்ப ரெண்டு தரம் குடுத்திரக் கூடாது.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே பாதர் நோயில் பூசுதல் குடுத்தாரு. பெட்ரோல் இல்ல, மெயின் ரோட்டுல இருந்து நடந்தே ஏறி வந்தாரு, சப்பாத்து முழுக்க சேறு. நம்ம ஆளுங்க இத இன்னும் அவஸ்தைப் பூசுதல்னே சொல்லி கடைசி மூச்சு வரைக்கும் ஒத்தி வைக்கிறாங்க. 1972ல இருந்தே சபை சொல்லுது, கடுமையான நோய் வந்தவுடன எடுக்கலாம், நோய் கூடினா திரும்பவும் எடுக்கலாம்னு. சாகப்போறவங்களுக்குன்னே உள்ளது கடைசிப் பயணத்துக்கு வழியுணவா குடுக்குற நற்கருணை, பூசையில குடுக்குற அப்பம். அப்பா பாவசங்கீர்த்தனம் பண்ணினாரு, நெத்தியிலயும் கையிலயும் எண்ணெய் பூசினாங்க, பயமெல்லாம் வரல, அன்னைக்கு ராத்திரிதான் ரெண்டு மாசத்துக்குப் பிறகு நல்லா தூங்கினாரு.

அந்த 11 நாள்ல மொத அஞ்சு நாள் ஒரு கொடை மாதிரி. மெஷினுக்கு போற பயம் இல்ல, இஸ்தோப்புல கம்பளிய போத்திகிட்டு உக்காந்து வர்றவங்க போறவங்களோட பேசினாரு. ஸ்டோர்ல கூட வேல செஞ்சவங்க வந்தாங்க. ஒருத்தரோட 15 வருசமா பேச்சு இல்ல, அவரும் வந்தாரு, ரெண்டு பேரும் டீ குடிச்சாங்க. பேரனோட மொத நற்கருணை ஒக்டோபர்லதான் இருந்திச்சி, பாதர் அத முன்னுக்கு எடுத்து எங்க காம்பராவுலயே பூசை வச்சி பையனுக்கு குடுத்தாரு, அப்பாவுக்கும் குடுத்தாரு, சின்னத் துண்டா ஒடச்சி ஒரு கரண்டி தண்ணியோட. அத கேக்குறதுக்கு எனக்கு யோசனையே வரல, அப்பாதான் கேட்டாரு. கேட்டா பெரும்பாலும் கெடைக்கும், கேளுங்க.

ஆறாம் நாள்ல இருந்து சாப்பாடு வேணாம்னாரு. இதுதான் பொம்பளைங்க நமக்கு தாங்க ஏலாத இடம், கஞ்சியாவது ஒரு வாய்னு கரண்டிய கொண்டு போறோம், அவரு வாய மூடிக்கிறாரு. பாதர் ஒரு பழைய கதை சொன்னாரு, 16ஆம் நூற்றாண்டுல ஸ்பெயின் நாட்டு தொமினிக்கன் குரு பிரான்சிஸ்கோ டி விட்டோரியா எழுதி வச்சிருக்காராம், சாப்பாட்ட கண்டாலே வதைக்கிற மாதிரி இருக்குற நோயாளி சாப்பிடாம விட்டா அது அவருக்கு ஏலாத காரியம்தான், பாவம் இல்லன்னு. உடம்பு தானா அடங்குறப்ப சாப்பாட்ட விடுறதும், சாப்பிட ஏலுமான ஆளுக்கு சாப்பாட்ட நிப்பாட்டுறதும் ஒன்னு இல்ல. இத இங்க நிதானமா சொல்லணும், ஏன்னா மூக்கு டியூபையும் எப்ப வேணும்னாலும் கழட்டலாம்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. 2004ல 2ஆம் ஜோன் போல் பாப்பரசர், நினைவில்லாம வருசக்கணக்கா கெடக்குறவங்களுக்கும் சாப்பாடும் தண்ணியும், டியூப் வழியா குடுத்தாலும், பொதுவா குடுத்தே ஆகணும்னாரு, அது உடம்புக்கு சேர்ற வரைக்கும். சேராட்டி, அதுவே பெரிய வேதன குடுத்தா, அப்ப கடம இல்ல. எங்க அப்பாவுக்கு டியூப் போட்டிருந்தா அந்தத் தண்ணி நெஞ்சுலதான் தேங்கியிருக்கும்.

எட்டாம் நாள் ராத்திரிய எழுதாம விட்டா இது நேர்மையா இருக்காது. உடம்பு முழுக்க அரிப்பு, கிட்னி போனா அப்படித்தான், விக்கல் நிக்கல, மூச்சு வாங்குது, கரண்டும் இல்ல. பக்கத்து காம்பரா தாத்தா வந்து பாத்துட்டு "வாயில்லா சீவனுக்கு போடுற மாதிரி ஒரு ஊசிய போட்டு அனுப்பி வச்சா என்னம்மா"ன்னாரு. அவரும் கண்கலங்கித்தான் சொன்னாரு. எனக்கும் அந்த நேரம் அதே நெனப்புதான் வந்திச்சி, மோர்ஃபின் போத்தல் கைக்கு எட்டுற தூரத்துல இருந்திச்சி. நான் வெளிய போயி வாசல்ல உக்காந்து அம்மாவ நெனச்சி அழுதேன். பிறகு ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸுக்கு கோல் எடுத்தேன், அவங்க தூக்கத்துல இருந்து எழும்பி டொக்டர்கிட்ட கேட்டு விக்கலுக்கும் வாந்திக்கும் கையில இருந்த மருந்த எப்படி மாத்திக் குடுக்கணும்னு சொன்னாங்க. தலைமாட்ட தலகாணி வச்சி ஒசத்தினோம், சன்னல தெறந்து முகத்துக்கு காத்து படுற மாதிரி விசிறினோம், முகத்துல காத்து பட்டா மூச்சுத் திணறல் கொறையும், அத அன்னைக்கு கண்ணால பாத்தேன். ஈரத்துணியால உடம்ப ஒத்தி எடுத்து தேங்கா எண்ணெய் தடவினோம். ஒரு மணித்தியாலத்துல அப்பா அமைதியா தூங்கினாரு. அவரு செத்தாப் போதும்னு எனக்கு தோணின அந்த ராத்திரியில அவருக்கு தேவப்பட்டது சாவு இல்ல, விக்கலுக்கு மருந்தும் விசிறி வீச ஒரு ஆளும்.

எங்க பங்கு செபக்குழு, மரியாயின் சேனை ஆளுங்க முறை போட்டு ராத்திரியில வந்து உக்காந்தாங்க. இது இல்லாட்டி நான் விழுந்திருப்பேன். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும், படுக்கைப் புண்ணு வந்தா அதுவே பெரிய வேதன. நகத்த ஒட்ட வெட்டிவிடுங்க. குளிருக்கு சுடுதண்ணி போத்தல் வைக்கிறதுன்னா துணி சுத்தி, கையில பட்டு பாத்துட்டு வைங்க, சீனி வருத்தக்காரங்களுக்கு கால்ல சூடு தெரியாது. ஜோசப் வாஸ் அடிகளார் 1697ல கண்டியில அம்மை நோய் பரவி ஜனங்க தங்களோட வீட்டு ஆளுங்களையே விட்டுட்டு ஓடினப்ப, குடிசை குடிசையா போயி நோயாளிங்கள கழுவி கஞ்சி குடுத்தாருன்னு சின்ன வயசுல ஞாயிறு பள்ளியில படிச்சது. அவரால அந்த அம்மைய சுகமாக்க ஏலல, மருந்தே இல்ல அப்ப. அப்பாவோட படுக்கைய மாத்துறப்ப எல்லாம் அதுதான் மனசுல ஓடிச்சி.

பத்தாம் நாள் கண்ணு சொருக ஆரம்பிச்சவுடன சொந்தக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க, பால் ஊத்தணும்னு. நம்ம வழக்கம், வேதக்காரங்க, கிறிஸ்தவங்க நாமளும் விடல. ஆனா நினைவு மங்கின ஆளு வாயில பால ஊத்தினா அது நுரையீரலுக்குத்தான் போகும், மூச்சு அடைச்சிரும். வேணாம்னு சொன்னா மனசு நோகும், அதனால கிண்ணத்துல பால வச்சி பஞ்ச நனைச்சி புழிஞ்சி ஒவ்வொருத்தரையா ஒதட்டுல மட்டும் தொட வச்சேன், பெரியம்மாவும் அதுக்கு ஒத்துகிட்டாங்க. தொண்டையில களகளன்னு ஒரு சத்தம் வரும், கேக்குறவங்களுக்கு பயமா இருக்கும், ஒரு பக்கமா சரிச்சிப் படுக்க வச்சா கொறையும், அந்த நேரத்துல அவங்களுக்கு அது வேதன இல்லன்னு மிஸ் முந்தியே சொல்லி வச்சிருந்தாங்க. சொல்லாட்டி நான் பதறி ஆம்புலன்ஸுக்கு 1990 அடிச்சிருப்பேன்.

11ஆம் நாள் சாயங்காலம். அண்ணன் கொழும்புல இருந்து ரயில்ல வந்து சேந்துட்டாரு, தங்கச்சி ஃபோன்ல வீடியோவுல. பழைய முறையில செபமால சொல்லிகிட்டு இருந்தோம், அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும். "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்"னு எத்தன ஆயிரம் தரம் வாயால சொல்லியிருப்போம், அந்த வார்த்தைக்கு அன்னைக்குத்தான் முகம் தெரிஞ்சிச்சி. அண்ணன் கைய பிடிச்சிருந்தாரு. செபமாலையோட நாலாவது பத்துமணி சொல்றப்ப மூச்சு நின்னுச்சி.

வீட்டுல நடந்த சாவுன்னா கிராம சேவகருக்கு அறிவிச்சி அறிக்கை எடுத்துத்தான் மரணப் பதிவு செய்யணும், தோட்டத்து ஒபீஸுக்கும் சொல்லணும், டயக்னோசிஸ் காட் இருந்ததால எங்களுக்கு ஒரு கேள்வியும் வரல. மிச்சமிருந்த மோர்ஃபின ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்துட்டோம், வீட்டுல வைக்காதீங்க. அடக்கப் பூசை கோயில்லதான் நடந்திச்சி, அண்ணன் பயந்த மாதிரி ஒன்னும் இல்ல.

31ஆம் நாள் பூசை முடிஞ்ச பிறகு பாதர்கிட்ட கேட்டேன், அப்ப அம்மாவுக்கு நாங்க செஞ்சது பாவமான்னு. அவரு இல்லன்னாரு. பாரமான சிகிச்சைய ஏத்துக்கிறதும் பாவம் இல்ல, அதுக்கும் அனுமதி இருக்கு, நீங்க அம்மாவ நேசிச்சி தெரிஞ்சத செஞ்சீங்கன்னாரு. எனக்கு அது பாதிதான் ஆறுதல். வெண்டிலேட்டர் போட்டது என்ன உறுத்தல, அம்மாகிட்ட ஒருத்தரும் ஒன்னும் கேக்காம விட்டதுதான் உறுத்துது. வார்ட்டுல இருந்த அந்த மொத கிழமை அம்மாவுக்கு நினைவு இருந்திச்சி, கண்ணால பேசுவாங்க. கைக்கட்ட அவுத்துட்டு நாங்க மாறி மாறி கைய பிடிச்சிகிட்டு உக்காரவான்னு மிஸ்கிட்ட கேட்டிருக்கலாம்.

அண்ணனோட மாமியாருக்கு இப்ப கிட்னி கொறஞ்சிகிட்டு வருது. 56 வயசு, இதயம் நல்லா இருக்கு, வீடு கண்டி டவுனுக்குள்ளயே, ஆஸ்பத்திரிக்கு பஸ்ல கால் மணித்தியாலம். அப்பா கதைய கேட்டுட்டு அவங்களும் "எனக்கும் மெஷின் வேணாம்"னு சொல்லத் தொடங்கிட்டாங்க, அண்ணி எனக்கு கோல் எடுத்து அழுகுறா. நான் அவங்ககிட்ட பேசினேன், அத்தை இது உங்களுக்கு அந்த மாதிரி பாரம் இல்ல, அப்பாவுக்கே மொத மூணு மாசம் அது நல்லது செஞ்சிச்சி, தொடங்கிப் பாருங்கன்னு. இன்னும் சரின்னு சொல்லல. வர்ற சனிக்கிழம கிளினிக், நானும் கூடப் போறேன், கேக்க வேண்டியத நோட்டுப்புத்தகத்துல எழுதிகிட்டு இருக்கேன்.